செக்கு எண்ணெய் அளக்க ஒரு மின்தேக்கி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர், மோட்டார் ஸ்டார்ட்டர் என்று எது வந்தாலும் பிரித்துப் பார்ப்பேன். இரண்டு தெரு தள்ளி மரச்செக்கு ஓட்டும் அண்ணன் ஏப்ரல் மாதம் ஒருநாள் வந்தார். "தம்பி, டிரம்மைத் திறக்காம உள்ள எவ்வளவு எண்ணெய் இருக்குன்னு தெரியணும். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து குச்சி விடுறது சுத்தமா இல்லை" என்றார். ஆட்டிய கடலை எண்ணெயை மண்டி படியும்வரை 200 லிட்டர் எவர்சில்வர் டிரம்மில் வைத்திருப்பார். மிதவை போட்டால் பிசுக்கு ஒட்டி நின்றுவிடும். கண்ணாடிக் குழாய் வைத்தால் வெளிச்சம் பட்டு எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். அசைகிற பாகம் எதுவும் இல்லாத ஒன்று வேண்டும் என்று யோசித்தபோது மின்தேக்கி நினைவுக்கு வந்தது.

யோசனை எளிதுதான். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாயை, இரண்டும் தொடாதபடி நிறுத்தினால் அது ஒரு மின்தேக்கி, அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் சாதனம். நடுவே காற்று இருந்தால் அது பிடிக்கும் திறன் (மின்தேக்குத்திறன்) ஒரு அளவு, எண்ணெய் ஏறினால் அதைப்போல் மூன்று மடங்கு. பாதி எண்ணெய், பாதி காற்று என்றால் இரண்டுக்கும் நடுவில். எண்ணெய் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அவ்வளவுக்கு மின்தேக்குத்திறன் நேர்க்கோட்டில் ஏறும்.

உணவுப் பொருள் என்பதால் எஸ்.எஸ். 304 என்ற எவர்சில்வர் வகைக் குழாய்தான் வாங்கினேன். வெளிக்குழாய் ஒரு அங்குலம், உள்விட்டம் 23 மில்லிமீட்டர். உள்குழாய் முக்கால் அங்குலம், வெளிவிட்டம் 19.05. இடைவெளி சுமார் 2 மில்லிமீட்டர். நீளம் 80 சென்டிமீட்டர். குழாய்கள் ஒன்றையொன்று தொடாமலிருக்க மூன்று இடங்களில் டெஃப்லான் பொத்தான்கள். லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். ஒரே மையமுள்ள இரண்டு உருளைகளுக்கான கணக்கு இதுதான்: ஒரு மீட்டர் நீளத்துக்கு, 55.6-ஐ இரண்டு விட்டங்களின் விகிதத்தின் இயல் மடக்கையால் வகுத்தால் காற்றுக்கான மின்தேக்குத்திறன் பிக்கோஃபாரட் அலகில் கிடைக்கும். 23-ஐ 19.05-ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் 0.188. ஆகவே மீட்டருக்கு 295, என் 80 சென்டிமீட்டருக்கு 236 பிக்கோஃபாரட். மின்தேக்குத்திறன் அளக்கும் மீட்டரில் 251 காட்டியது. மிச்சம் 15 மேல் மூடியிலும் முனைகளிலும் ஒட்டிக்கொண்டது.

டிரம் எண்ணெயில் சோதிக்க மனம் வரவில்லை. 63 மில்லிமீட்டர் பிவிசி குழாய் ஒன்றின் அடியை மூடி, நிமிர்த்தி வைத்து, அதற்குள் அளவியை இறக்கி எண்ணெயை ஊற்றினேன். இரண்டு லிட்டருக்குள் வேலை முடிந்தது. முதல் தடவை விளிம்புவரை ஊற்றியும் மீட்டர் 285-ஐத் தாண்டவில்லை. மூன்று மடங்கு ஏற வேண்டியது ஏன் நகரவே இல்லை என்று மீட்டரை மாற்றினேன், வயரை மாற்றினேன், எண்ணெயையே சந்தேகப்பட்டேன். அரை நாள் போயிற்று. கடைசியில் அளவியைச் சற்று சாய்த்தபோது அடியிலிருந்து 'குபுக்' என்று காற்றுக் குமிழி வந்தது. மேல்முனையை டெஃப்லானால் இறுக்கமாக அடைத்துவிட்டிருந்தேன். உள்ளே மாட்டிய காற்று வெளியேற வழியில்லை; எண்ணெய் ஐந்தாறு சென்டிமீட்டருக்கு மேல் ஏறவே இல்லை. வெளிக்குழாயின் தலையில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டேன். எண்ணெய் மெதுவாக ஏறியது, எண்ணும் கூடவே ஏறியது: 300, 420, 600. விளிம்பைத் தொட்டபோது 740.

740-லிருந்து அந்த 15-ஐக் கழித்து 236-ஆல் வகுத்தால் 3.07. கடலை எண்ணெயின் ஒப்புமை விடுதிறன், அதாவது காற்றைப்போல் எத்தனை மடங்கு என்ற எண், 3-க்குச் சற்று மேலே என்பார்கள்; இரண்டு குழாயும் ஒரு மீட்டரும் வைத்துக்கொண்டு பட்டறை மேசையில் அதுவே வந்தது. அன்றைக்கு எனக்கு அது பெரிய சந்தோஷம். ஒரு சென்டிமீட்டர் எண்ணெய்க்கு 6 பிக்கோஃபாரட்; டிரம்மில் ஒரு சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய இரண்டரை லிட்டர். போதுமான துல்லியம்.

மின்சுற்று பழைய 555 குடும்பம்; மின்தேக்கியை மாறி மாறி ஏற்றி இறக்கி அலை உண்டாக்கும் டைமர் சிப். மின்தடை மெகா ஓம் அளவில் இருப்பதால் சாதாரண 555 சரிப்படாது, சீமாஸ் வகை 7555 போட்டேன். 10 கிலோ ஓம், 1 மெகா ஓம் சேர்த்ததில் டிரம் காலியாக இருக்கும்போது 2850 ஹெர்ட்ஸ், நிறைந்தால் 970. அதிர்வெண்ணை எண்ணாமல் ஒரு அலைக்கு ஆகும் நேரத்தை எண்ணுவதுதான் சரி. நேரம்தான் மின்தேக்குத்திறனோடு நேர்க்கோட்டில் போகும். முதலில் இந்தச் சுற்றைச் சுவரோரம் டிஸ்பிளே பக்கத்தில் வைத்து, மூன்று மீட்டர் கேபிள் டிவி வயரால் அளவியோடு இணைத்தேன். காலி டிரம்மிலேயே மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் இருப்பதுபோலக் காட்டியது. யோசித்துப் பார்த்தால் டிவி வயரும் அதே வடிவம்தான்: நடுவில் செம்புக் கம்பி, சுற்றி நுரை பாலிதீன், அதன் மேல் உறை. மீட்டருக்கு 50 பிக்கோஃபாரட்டுக்கு மேல் அதற்கே உண்டு. 7555-ஐ அளவியின் தலையிலேயே ஒரு டப்பாவுக்குள் வைத்து, வெளிக்குழாயை எர்த் ஆக்கி, அலையை மட்டும் கீழே அனுப்பிய பிறகு அந்தத் தொல்லை போனது. அடியில் படியும் மண்டியில் ஈரம் இருக்கும், அது கணக்கைக் கெடுக்கும் என்பதால் அளவியை டிரம்மின் அடியிலிருந்து 5 சென்டிமீட்டர் தூக்கி மாட்டினேன்.

வேலை இங்கேயே முடிந்திருக்கும். பிளஸ் டூவில் நிலை மின்னியல் பாடம் தொடங்கவிருந்த மகள் கேட்ட கேள்விதான் அடுத்த இரண்டு வாரத்தை எடுத்துக்கொண்டது.

"அப்பா, எண்ணெய் ஏறும்போது உள்குழாயில இருக்கிற மின்னூட்டம் கூடுதா, இல்ல மின்னழுத்தம் குறையுதா?"

இரண்டுமே நடக்கும், எது என்பது பேட்டரி இணைந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது என்றேன். பேட்டரி இணைந்திருந்தால் அது மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்திவிடும். குழாய்களுக்கு இடையிலுள்ள மின்புலமும் மாறாது. எண்ணெய் வந்ததும் பேட்டரியிலிருந்து இன்னும் மின்னூட்டம் வந்து உலோகத்தில் ஏறும். பேட்டரியைக் கழற்றிவிட்டால் உலோகத்தில் இருந்த மின்னூட்டம் அப்படியேதான் இருக்கும். எண்ணெயின் மூலக்கூறுகள் கொஞ்சம் திரும்பி, உலோகத்தை ஒட்டி எதிர்மின்னூட்டத்தை நிறுத்தும். மின்புலம் மூன்றில் ஒன்றாகும், மின்னழுத்தமும் அப்படியே குறையும். சொல்லி முடித்தேன். அவளோ, "காட்டுங்க" என்றாள்.

மல்டிமீட்டரில் இதைக் காட்ட முடியாது. அதன் 10 மெகா ஓம் வழியாக 236 பிக்கோஃபாரட்டில் உள்ள மின்னூட்டம் சில மில்லி வினாடியில் வடிந்துவிடும். மின்னூட்டம் ஏறினால் இரண்டு மெல்லிய உலோக இலைகள் விலகி நிற்கும் மின்காட்டிதான் வழி. தங்க இலைக்கு எங்கே போவது? சாக்லெட் சுற்றிவரும் மெல்லிய அலுமினியத் தகட்டில் இரண்டு கீற்றுகள் வெட்டி, ஊறுகாய் ஜாடிக்குள் தொங்கவிட்டேன். ஜாடியின் வாயை மெழுகால் அடைத்தேன். உள்குழாய்க்குப் பதிலாகக் கெட்டிப்பால் டின் ஒன்றை, வெளிக்குழாய்க்குப் பதிலான 11 சென்டிமீட்டர் எவர்சில்வர் டப்பாவின் நடுவே மெழுகு வில்லைமேல் உட்கார வைத்து, டின்னிலிருந்து ஒரு கம்பியை நேராக மேலே எடுத்து, அங்கிருந்து ஜாடிக்கு வளைத்தேன். எண்ணெயில் டின் மிதக்கக்கூடாது என்பதால் அதற்குள் நட்டு, போல்ட்டைப் போட்டு நிரப்பினேன். மின்னூட்டம் கொடுக்கப் பழைய கொசு பேட். அதன் வலையில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ஸ்விட்சை விட்ட பிறகும் அதன் மின்தேக்கி மின்னூட்டத்தை வைத்திருக்கும், ஆகவே ஒவ்வொரு தடவையும் ஸ்குரூ டிரைவரால் வலையைச் சேர்த்து இறக்கிவிட்டுத்தான் கையை வைத்தோம். வீட்டில் செய்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

முதல் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு உட்கார்ந்தோம். இலைகள் விரிந்தன, நாங்கள் எண்ணெய்க் குவளையை எடுப்பதற்குள் சுருங்கிவிட்டன. மறுபடி ஏற்றினோம், மறுபடி சுருங்கின. எண்ணெய் உள்ளே போகும் முன்பே இப்படி. காரணம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. அக்னி நட்சத்திரம் முடிந்த வாரம் அது. அந்தச் சமயத்தில் கடலூரில் காலையெல்லாம் மேல்காற்று, சுட்டெரிக்கும், உதட்டை உலர்த்தும். உச்சிவேளை வாக்கில் கடல்காற்று திரும்பினால் எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்துவிடும். மெழுகின் மேல் படிந்த அந்த உப்பு ஈரத்தின் வழியாக மின்னூட்டம் நழுவிப் போனது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தோம். மேல்காற்று புழுதியோடு அடித்துக்கொண்டிருந்தது. கொசு பேட்டின் கம்பியால் டின்னைத் தொட்டு எடுத்தேன். இலைகள் விரிந்தன, அப்படியே நின்றன. ஐந்து நிமிடம் பார்த்தோம், அசையவில்லை. அப்புறம் செக்கு எண்ணெயை ஓரமாக மெல்ல ஊற்றினேன்.

இலைகள் சட்டென்று ஒட்டிக்கொண்டன. பாதியாகக் குறையவில்லை, மூன்றில் ஒன்றாகவும் இல்லை, ஒன்றுமில்லாமல் போயின. எண்ணெய் இருக்கும்போதே மறுபடி மின்னூட்டம் கொடுத்தால், பேட்டை எடுத்த ஒரு நொடிக்குள் விழுந்தன.

"எண்ணெய் கடத்தாதுன்னுதானே சொன்னீங்க?"

அந்தக் கேள்வியோடு நான் இரண்டு நாள் இருந்தேன். டிரம்மில் அதே எண்ணெய் மின்காப்புப் பொருளாக ஒழுங்காக நடந்துகொள்கிறது, டப்பாவில் கடத்தியாகிவிடுகிறது. விடை நேரத்தில் இருந்தது. புதிதாக ஆட்டிய எண்ணெயில் துளி ஈரம், கொழுப்பு அமிலம், கண்ணுக்குத் தெரியாத தூசு எல்லாம் இருக்கும். அவற்றின் வழியாக மின்னூட்டம் மிக மெதுவாக ஊர்ந்து வெளியேறும். எவ்வளவு மெதுவாக? ஒரு நொடிக்குள். 7555-க்கு அது பெரிய காலம். அது ஒரு மில்லி வினாடிக்கு ஒரு தடவை ஏற்றி இறக்கிவிடுகிறது, எண்ணெய் வழியாக மின்னூட்டம் கசியத் தொடங்குமுன் அளவு முடிந்துவிடும். மின்காட்டிக்கு ஒரு நொடி என்பது ஒன்றுமே இல்லை. ஒரு பொருள் கடத்துமா கடத்தாதா என்று மட்டும் கேட்டுப் பழகியிருந்தேன். எவ்வளவு நேரத்துக்குக் கடத்தாமல் இருக்கும் என்று கேட்க வேண்டும் என்பது எனக்கு இத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் பிடிபட்டது. கணக்கும் அழகானது: பொருளின் விடுதிறனை அதன் கடத்துதிறனால் வகுத்தால் அந்த நேரம் வந்துவிடும். பாத்திரத்தின் வடிவம் அதில் வரவே வராது.

நீண்ட நேரம் தாங்கும் பொருள் வேண்டும். மைக்கேல் ஃபாரடே 1837-இல் இதே கேள்வியோடு உட்கார்ந்தபோது, ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த பித்தளைக் கோளங்களுக்கு நடுவே அரக்கு, கந்தகம், கண்ணாடி என்று திடப்பொருள்களை வைத்துப் பார்த்தார். ஒரே மாதிரி இரண்டு கருவிகள் செய்து, ஒன்றில் காற்று, மற்றதில் அந்தப் பொருள். ஒன்றின் மின்னூட்டத்தை மற்றதோடு பகிர்ந்து மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தார். ஃபாரட் என்ற அலகு அவர் பெயரில்தான் இருக்கிறது. எங்களிடம் அரக்கு இல்லை, மெழுகுவர்த்தி இருந்தது.

110 மில்லிமீட்டர் பிவிசி குழாய்த் துண்டுக்குள் 75 மில்லிமீட்டர் துண்டை நிறுத்தி, நடுவே உருக்கிய மெழுகை ஊற்றினோம். மெழுகு ஆறும்போது சுருங்கி உள்குழாயை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பது முதல் வளையம் உடைந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது தடவை உள்குழாயை நீளவாக்கில் அறுத்து டேப் சுற்றி வைத்தோம். டேப்பை உரித்துக் குழாயை உள்பக்கம் சுருட்டி எடுக்க, வளையம் முழுசாக வந்தது. கைபட்ட மெழுகில் மின்னூட்டம் ஏறியிருக்கும். அதைப் போக்க விளக்குச் சுடருக்குமேல் ஒரு சுற்றுக் காட்டி எடுத்தோம். சுடரிலிருந்து எழும் அயனிகள் அதைத் துடைத்துவிடும். மூன்று நைலான் நூல் கட்டி, டின்னின் கம்பியைச் சுற்றி மேலே தொங்கவிட்டோம்.

காலை பத்து மணி. டின்னுக்கு மின்னூட்டம் கொடுத்தேன், இலைகள் விரிந்தன. மகள் நூலைத் தளர்த்தி வளையத்தை மெல்ல இறக்கினாள். டின்னின் விளிம்பை வளையம் தாண்டியதும் இலைகள் நெருங்கத் தொடங்கின. முழுவதும் இறங்கியபோது விரிவு ஏறக்குறைய பாதி. அங்கேயே நின்றது. நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். நூலை இழுத்தாள், வளையம் மேலே வந்தது, இலைகள் பழைய இடத்துக்கே விரிந்தன. யாரும் எதையும் தொடவில்லை, டின்னில் இருந்த மின்னூட்டம் எங்கும் போகவில்லை, வந்தும் சேரவில்லை. பக்கத்தில் ஒரு மெழுகு வளையம் வந்தது, போனது, அவ்வளவுதான். அவள் அதைப் பத்துத் தடவையாவது இறக்கி ஏற்றியிருப்பாள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

விரிவு பாதியானால் மின்னழுத்தமும் பாதி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. இலைகளைத் தள்ளும் விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு போகும். ஆகவே மின்னழுத்தம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருக்கும். மெழுகின் விடுதிறன் 2.2 ஆயிற்றே, பாதிக்கும் கீழே போக வேண்டாமா என்றால், வளையத்துக்கு உள்ளும் வெளியும் மெல்லிய காற்று இடைவெளி இருக்கிறது. மின்புலம் மெழுகுக்குள்தான் தணியும், அந்தக் காற்றுச் சந்தில் தணியாது. ஒட்டியுள்ள மெழுகில் இருப்பதைப்போல் 2.2 மடங்கு இருக்கும். உயர் அழுத்தக் கேபிளின் காப்புக்குள் ஒரு சின்னக் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் கேபிள் அங்கேதான் முதலில் பொரியும், காரணம் இதுவே. போதாததற்கு ஜாடியும் கம்பியும் தங்கள் பங்குக்கு மின்தேக்குத்திறனைச் சேர்க்கின்றன. பதினொன்றரைக்கு மேல் இலைகள் தாமாகவே தளர்ந்தன. கடல்காற்று வந்துவிட்டது.

அடுத்து வீட்டு மாடித் தண்ணீர் டேங்க். எண்ணெய்க்குச் செய்ததை அப்படியே தண்ணீருக்கும் செய்யலாம், விடுதிறன் 80 ஆயிற்றே, இன்னும் சுலபம் என்று நினைத்து மிச்சக் குழாய்களை டேங்கில் இறக்கினேன். 7555 ஒரேயடியாக நின்றுவிட்டது. எங்கள் தெரு போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 1200 காட்டியது. அந்த உப்புக்கு, 40 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் இரண்டு குழாய்க்கும் நடுவே கணக்குப்படி அரை ஓம்முக்கும் கீழே. குறுக்குச்சுற்றேதான். அந்த 'எவ்வளவு நேரம்' கணக்கைப் போட்டால் 3 நானோ வினாடி வருகிறது. 80 என்ற எண்ணை எங்கள் தண்ணீர் அதற்குள் செலவழித்துவிடுகிறது, என் சுற்றுக்கு மிச்சம் எதுவும் இல்லை.

சரி, தண்ணீர் கடத்திதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் வழி திறக்கிறது. தண்ணீரே வெளிக்குழாயாக இருக்கட்டும். ஒரு சதுர மில்லிமீட்டர் வீட்டு வயரை டேங்குக்குள் யூ வடிவில் தொங்கவிட்டேன். இரண்டு முனையும் மேலே, ஆகவே தண்ணீருக்குள் அடைக்க வேண்டிய முனையே இல்லை. பக்கத்தில் ஒரு வெறும் எஸ்.எஸ். கம்பி, தண்ணீரை எர்த்தோடு சேர்க்க. இப்போது உள்ளே செம்பு, சுற்றிலும் முக்கால் மில்லிமீட்டர் பிவிசி தோல், அதற்கு வெளியே தண்ணீர். டேங்கில் எத்தனை லிட்டர் இருந்தாலும் தண்ணீருக்குள் மின்புலம் கிடையாது. 5 வோல்ட்டும் அந்தத் தோலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. மீட்டருக்குச் சுமார் 300 பிக்கோஃபாரட், யூ-வின் இரண்டு காலுக்கும் சேர்த்து 600. சென்டிமீட்டருக்கு 6. எண்ணெய் அளவியின் கணக்கும் இதுவே என்பதால் அதே சுற்று, அலை நேரத்தை எண்ணிச் சென்டிமீட்டராகக் காட்டும் அதே நிரல், ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. கார்ப்பரேஷன் தண்ணீர் கலந்து உப்பு குறைந்தாலும் அளவு மாறவில்லை.

ஒரு மாதத்தில் எண் மெல்ல மேலே நகர்ந்தது. தண்ணீர் அதே மட்டம், காட்டுவது இரண்டு சென்டிமீட்டர் அதிகம். பிவிசி தோல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிறது, அதன் விடுதிறன் ஏறுகிறது. டெஃப்லான் உறையிட்ட வயருக்கு மாற்றினேன். விடுதிறன் 2.1-தான், ஆனால் உறை மெல்லியது என்பதால் மின்தேக்குத்திறன் அதிகம் குறையவில்லை, தண்ணீரையும் குடிப்பதில்லை. இன்னொன்று மிச்சம் இருக்கிறது: மட்டம் வேகமாக இறங்கும்போது வயரில் ஒட்டிய உப்புநீர்ப் படலம் வடிய இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது, அதுவரை எண் பொய் சொல்கிறது. இப்போதைக்கு மட்டம் இறங்குவது நின்ற ஐந்து நிமிடம் கழித்துப் படிக்கும்படி நிரலில் வைத்திருக்கிறேன்.

செக்கு அண்ணன் இன்னும் இரண்டு டிரம்முக்கு அளவி கேட்டிருக்கிறார். மெழுகு வளையத்தையும் ஜாடியையும் மகள் பள்ளிக்கு எடுத்துப் போகிறாள். இயற்பியல் பாடவேளை பிற்பகலில்தானாம். டீச்சரிடம் சொல்லிக் காலையில் முதல் வகுப்பை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.